புதுத் தொழிற்பாடத்துக்கு “படிக்காத பசங்க லிஸ்ட்” கேட்கிறார் ஹெச்.எம். என்ன சொல்வது?

கேள்வி: கணக்கு டீச்சர், தர்மபுரி பக்கம்

எல்லோருக்கும் வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியராக இருக்கிறேன். இந்த வருஷம் எங்கள் பள்ளிக்கு என்.எஸ்.க்யூ.எஃப். (தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு) தொழிற்பாடம் வந்திருக்கிறது, எலெக்ட்ரானிக்ஸ் டிரேடு. ஒன்பதாவதில் லெவல் 1, பத்தாவதில் லெவல் 2, அப்படியே ஏறி பிளஸ் டூ முடிக்கும்போது லெவல் 4 என்று கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வெளியே வந்ததும் ஹெச்.எம். சொன்னார்: “டீச்சர், உங்க கிளாஸ்ல படிக்காத பசங்க இருபது பேர் லிஸ்ட் குடுங்க, அதுல போட்டுருவோம். நல்லா படிக்கிற பிள்ளைங்கள தொடாதீங்க, நாளைக்கு ரிசல்ட் யார் குடுக்கிறது?”

அவர் கெட்டவர் இல்லை. ரிசல்ட் குறைந்தால் சி.இ.ஓ. (மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்) கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டியவர் அவர்தான். ஆனாலும் எனக்கு அந்த லிஸ்ட்டை எழுதக் கை வரவில்லை.

இதில் இன்னொரு சிக்கல். என் வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வரும் ஒரு பெண், தானே வந்து “மிஸ், நான் எலெக்ட்ரானிக்ஸ் சேரட்டுமா?” என்று கேட்டாள். அவள் அப்பாவுக்கு டவுனில் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் கடை. அவரைக் கூப்பிட்டுப் பேசினேன். “நான் இந்த சால்டரிங் புகையில கிடந்தது போதாதா டீச்சர், அவளையும் அங்கேயே உட்கார வைக்கணுமா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

தொழிற்கல்வி ஆசிரியர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இந்தச் சான்றிதழுக்கு நிஜமாகவே மதிப்பு இருக்கிறதா? யாரைச் சேர்ப்பது? அந்தப் பெண்ணை என்ன செய்வது?

---

பதில் 1: தொழிற்கல்வி ஆசிரியர் (மின்), ஈரோடு மாவட்டம்

டீச்சர், நீங்கள் கேட்டதில் முதல் கேள்விக்கு என்னிடம் நீளமான பதில் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் தொழிற்கல்வி புதுசு இல்லை. 1978-இல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்பிரிவும் கூடவே வந்தது. நான் எடுப்பது அந்தப் பழைய பிரிவு. முன்பு “மின் இயந்திரங்களும் சாதனங்களும்” என்று இருந்தது, பாடத்திட்டம் மாறியபிறகு “அடிப்படை மின் பொறியியல்”. எங்களில் பலர் ஒற்றைப் பகுதிநேரம், இரட்டைப் பகுதிநேரம் என்று சொற்பச் சம்பளத்தில் வருஷக்கணக்கில் ஓட்டி அப்புறம்தான் முறையான ஆசிரியர் ஆனோம். அதெல்லாம் இருக்கட்டும், அந்தப் பிரிவில் ஒன்று சரியாக இருந்தது. அது முழுப் பாடம். எழுத்துத் தேர்வு, செய்முறை, ஒர்க்‌ஷாப் எல்லாம் உண்டு, மதிப்பெண் மொத்தத்தில் சேரும். பொறியியல் கலந்தாய்வில் தொழிற்பிரிவு மாணவர்களுக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். அதாவது இந்தப் படிப்பை எடுத்தவனுக்கு மேலே போக ஒரு வழி எழுதி வைத்திருந்தார்கள். குறுகலான வழிதான், ஆனாலும் வழி.

இப்போது வந்திருப்பது ஒன்பதாவது, பத்தாவதில் கூடுதல் பாடம். எஸ்.எஸ்.எல்.சி. 500 மார்க்கில் சேராது. சேராத பாடத்துக்கு எந்தப் பள்ளியில் என்ன மரியாதை கிடைக்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஓவியம், உடற்கல்வி பீரியடுகள் பத்தாம் வகுப்பில் டிசம்பருக்கு மேல் எங்கே போகின்றன என்று பாருங்கள்.

சரி, “படிக்காத பசங்க” விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கம் எல்லாம் பம்ப்செட். ஃபேஸ் ஒன்று போய் மோட்டார் எரிந்தால் காயில் கட்டக் கொண்டு வருவார்கள். ஒர்க்‌ஷாப்பில் பிள்ளைகளிடம் அப்படி ஒரு எரிந்த மோட்டாரைக் கொடுத்தால், காயிலை வெட்டி எடுத்ததும் எல்லோரும் அதை மூலையில் வீசத்தான் பார்ப்பார்கள். வீசக்கூடாது. ஒரு காயிலின் வெட்டிய முனைகளை எண்ண வேண்டும், வார்னிஷ் கருகி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், பிரித்துப் பிரித்து எண்ணி நோட்டில் எழுத வேண்டும், அதுதான் சுற்று எண்ணிக்கை. கம்பியின் கனத்தை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும், பழைய எனாமலைச் சுரண்டிவிட்டு. இதில் சுற்று குறைத்துக் கட்டினால் மோட்டார் ஓடும், ஆனால் கரண்ட் அதிகமாக இழுத்து சீக்கிரமே மறுபடி எரியும். பிறகு ஸ்லாட், அதாவது காயில் உட்காரும் பள்ளம், அதன் கணக்கு: 36 ஸ்லாட், 4 போல் (காந்த முனை), மூன்று ஃபேஸ் என்றால் ஒரு போலுக்கு ஒரு ஃபேஸுக்கு மூன்று ஸ்லாட். 24 ஸ்லாட் என்றால் இரண்டு. இதைத் தப்பாகப் போட்டால் மற்ற எல்லாமே தப்பு.

இது உங்கள் பாடம் டீச்சர். வகுத்தல் வராதவனுக்கு மோட்டார் கட்டவும் வராது. வகுத்தல் வராதவனுக்கு வகுத்தல் சொல்லிக் கொடுக்க வேண்டும், அவனை எலெக்ட்ரானிக்ஸுக்குத் தள்ளிவிட்டால் அங்கே ஓம்ஸ் லா அவனுக்காகக் காத்திருக்கிறது. “மூளை வேலை செய்யாதவனுக்குக் கை வேலை” என்று ஒரு நினைப்பு நம் ஸ்டாஃப் ரூம்களில் ஊறிப்போயிருக்கிறது. கையில் வேலை செய்து பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்.

ஆகவே லிஸ்ட் கொடுக்காதீர்கள். வகுப்பில் டிரேடு என்ன என்று விளக்கிச் சொல்லி, விருப்பப்பட்டவர்கள் பெயரை எழுதி, பெற்றோர் கையெழுத்து வாங்கி ஹெச்.எம்.மிடம் கொடுங்கள். காகிதத்தில் இருந்தால் அவரும் மறுக்க யோசிப்பார்.

---

பதில் 2: டிரெய்னர், பெயர் வேண்டாம்

ஈரோடு சார் சொன்னது எல்லாம் சரி. ஆனால் அவர் முறையான ஆசிரியர். நான் நீங்கள் கேட்கும் அந்தப் புதுத் திட்டத்தில் பாடம் எடுப்பவள், ஆடைத் தயாரிப்பு டிரேடு. உள்ளே இருந்து பார்ப்பதைச் சொல்கிறேன்.

என்னை வேலைக்கு எடுத்தது பள்ளி இல்லை, பயிற்சி நிறுவனம் ஒன்று. பள்ளிக்கு நான் வெளியாள், நிறுவனத்துக்கு நான் ஒரு எக்செல் வரிசை. கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. மற்ற மாதங்களில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கேட்டால் “மேலேயிருந்து நிதி வரலை” என்பார்கள். ஒன்றிய அரசுக்கும் மாநிலத்துக்கும் பள்ளிக் கல்வி நிதி 2,152 கோடி ரூபாய்ச் சண்டை டி.வி.யில் ஓடியபோது வீட்டு வாடகையைப் பற்றி யோசித்துக்கொண்டு பார்த்தேன். ஸ்டாஃப் ரூமில் எனக்கு நாற்காலி உண்டு, மேஜை கிடையாது. யாராவது லீவு போட்டால் அந்த வகுப்புக்கு முதலில் கூப்பிடுவது என்னைத்தான்.

தையல் மிஷின்கள் வந்தன. நல்ல மிஷின்கள். அந்த அறையில் பிளக் பாயிண்ட் ஒன்றுதான். எழுதிப் போட்டு, எழுதிப் போட்டு, கடைசியில் ஒரு மாணவியின் அண்ணன், எலெக்ட்ரீஷியன், ஞாயிற்றுக்கிழமை வந்து இழுத்துக் கொடுத்தார். அதுவரை காகிதத்தில் பேட்டர்ன் வெட்டிக்கொண்டிருந்தோம். (அது வீணாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காகிதத்தில் நன்றாகப் பழகியவர்கள் துணியில் பிசகவே இல்லை.)

தேர்வு பற்றிக் கேளுங்கள். வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவர் ஒரே நாளில் வந்து எல்லாரையும் பார்ப்பார். எங்களுக்கு வந்தவர் நல்ல மனிதர்தான், ஆனால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரம். பிளவுஸ் கை ஏற்றுவதை ஒரு பிள்ளை எப்படிச் செய்கிறாள் என்று பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? பாதி பேருக்கு வாய்மொழிக் கேள்வியோடு முடிந்தது. அந்தச் சான்றிதழும், பிள்ளைகள் பத்தாவது முடித்து டி.சி. வாங்கிப் போனபிறகு வந்தது.

லெவல் லெவல் என்கிறார்களே, 2013-இல் இந்தக் கட்டமைப்பை அறிவித்தபோது பத்து லெவல். 2023-இல் திருத்தி எட்டாக்கினார்கள். எனக்கே ஒவ்வொரு முறையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, எங்கள் ஊர்த் துணிக்கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒன்று சொல்கிறேன், எனக்கு இந்தப் பாடம் பிடிக்கும். விருப்பப்பட்டு வந்த பிள்ளைகள் இருந்த வருஷம் வேறு, லிஸ்ட் போட்டு அனுப்பிய வருஷம் வேறு. இரண்டையும் பார்த்துவிட்டேன். லிஸ்ட்டில் வந்த பிள்ளைகள் முதல் நாளே “மிஸ், நாங்க மக்குங்கதானே, அதான் இங்க அனுப்பிட்டாங்க” என்றார்கள். அதிலிருந்து அவர்களை வெளியே கொண்டுவரவே அரையாண்டு போய்விட்டது.

---

பதில் 3: பம்ப் ஒர்க்‌ஷாப், கோவை

நான் ஆசிரியர் இல்லை. கோவை கணபதிப் பகுதியில் சின்னதாக ஒரு மெஷின் ஷாப் வைத்திருக்கிறேன். வேலைக்கு ஆள் எடுப்பவன் என்ற முறையில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

உண்மையைச் சொன்னால், லெவல் 4 சான்றிதழோடு ஒரு தம்பி வந்தபோது அதை எப்படிப் படிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. ஐ.டி.ஐ. ஃபிட்டர் இரண்டு வருஷம் என்றால் எனக்குக் கணக்கு தெரியும், என்ன தெரிந்திருக்கும், என்ன தெரிந்திருக்காது என்று. டிப்ளமோ என்றாலும் தெரியும். இதற்கு ஒரு கணக்கு எங்கள் வட்டாரத்தில் இன்னும் உருவாகவில்லை. ஆகவே நான் செய்தது, வெர்னியரைக் கையில் கொடுத்து ஒரு ஷாஃப்டை அளக்கச் சொன்னேன். ஜீரோ சரியாக இருக்கிறதா என்று பார்க்காமலேயே அளந்தான். சரி, கற்றுக்கொள்வான் என்று எடுத்துக்கொண்டேன், இப்போது நன்றாகச் செய்கிறான். ஆனால் எடுத்தது அவன் பேச்சைப் பார்த்து, சான்றிதழைப் பார்த்து இல்லை.

இன்னொரு விஷயம், பள்ளிக்காரர்கள் அடிக்கடி ஃபோன் செய்து “சார், பசங்களுக்கு உங்க ஷாப்ல பயிற்சி குடுங்க” என்று கேட்கிறார்கள். கொடுக்க ஆசைதான். ஆனால் அவர்கள் பதினைந்து, பதினாறு வயசுப் பிள்ளைகள். பதினெட்டு ஆகாதவரை ஆபத்தான வேலையில் விடக்கூடாது என்று சட்டம் சொல்கிறது, அது சரியான சட்டமும்கூட. பவர் பிரஸ்ஸில் ஒரு விரல் போனால் நானும் அந்தக் குடும்பமும் ஆயுசுக்கும் அழ வேண்டியதுதான். அப்படியானால் அவன் என் ஷாப்பில் நின்று என்ன பார்ப்பான்? ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பான், டீ வாங்கி வருவான். பதினெட்டுக்கு மேல் அப்ரண்டிஸ் என்றால் வேறு கதை. உதவித்தொகையில் 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய், அரசே கொடுக்கிறது, எனக்கும் சுமை குறைவு.

எனக்குத் தேவை பள்ளியிலேயே அளக்கவும், வரைபடம் படிக்கவும், எழுதி வைக்கவும் தெரிந்த ஆள். மெஷின் நான் சொல்லிக் கொடுத்துக்கொள்வேன்.

---

பதில் 4: பெரியார் பேரன்

எல்லோரும் மிஷின், லெவல், சம்பளம் என்று பேசுகிறீர்கள். அடிப்படையை யாரும் தொடவில்லை. அந்த அப்பா கேட்ட கேள்விதான் இதில் முக்கியமான கேள்வி.

1953-இல் ராஜாஜி கொண்டு வந்ததை மறந்துவிட்டோமா? பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று தமிழ்நாடே எழுந்து நின்றது, அடுத்த வருஷமே அவர் பதவி விலக வேண்டியதாயிற்று, காமராஜர் வந்து அதைத் தூக்கி எறிந்தார். இப்போது தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆறாம் வகுப்பிலிருந்தே தொழில் என்கிறது, உள்ளூர்க் கைவினைஞரிடம் பத்து நாள் போய்ப் பழகு என்கிறது. 2023-இல் கைவினைஞர்களுக்கான ஒன்றிய அரசின் பி.எம். விஸ்வகர்மா திட்டம் வந்தபோது குடும்பத் தொழில் என்ற வாசனை அடித்ததால்தான் நம் மாநிலம் அதை ஏற்காமல், யார் வேண்டுமானாலும் எந்தத் தொழிலுக்கும் வரலாம் என்று கலைஞர் கைவினைத் திட்டம் கொண்டு வந்தது.

இந்தப் பாடத்திட்டத்தில் ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு வேளாண்மையில் ஒரு பணி என்ன தெரியுமா? கத்தரி, தக்காளி, மிளகாய்ச் சாகுபடியாளர். தலைமுறை தலைமுறையாகக் கத்தரி போடும் குடும்பத்துப் பிள்ளைக்கு, கத்தரி போடத் தெரியும் என்று டெல்லி சர்டிஃபிகேட் கொடுக்கிறது. சென்னையில் இன்டர்நேஷனல் பள்ளியில் படிக்கும் எந்தப் பிள்ளையாவது இந்த லிஸ்ட்டில் இருக்கிறதா? அரசுப் பள்ளி, கிராமம், ஒடுக்கப்பட்ட சாதி. அங்கேதான் இந்தத் “திறன்” எல்லாம் வந்து இறங்கும். என்னைக் கேட்டால் அந்தப் பெண்ணை இதில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

---

தொழிற்கல்வி ஆசிரியர் (மின்), ஈரோடு மாவட்டம்

@பெரியார் பேரன் தம்பி, வரலாறு சரி, மறுக்கவில்லை. முடிவில்தான் எனக்கு ஒத்துவரவில்லை.

1953-இல் பிரச்சினை பிள்ளைகள் தொழில் கற்றது இல்லை. எந்தத் தொழில் என்பதைப் பிறப்பு முடிவு செய்ததும், அதற்காகப் பள்ளி நேரத்தைப் பாதியாக வெட்டியதும்தான் பிரச்சினை. அதே அளவுகோலை இப்போதும் வையுங்கள், நானும் உங்களோடு நிற்கிறேன். டீச்சரின் ஹெச்.எம். கேட்ட லிஸ்ட்டைப் போட்டுப் பாருங்கள், இருபது பெயரும் எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று. அந்த லிஸ்ட்தான் குலக்கல்வி. அதை வகுப்பாசிரியர் கையாலேயே எழுத வைக்கிறார்கள்.

ஆனால் முதல் மூன்று பேருக்குள் வரும் ஒரு பெண், தானே கேட்டு வருகிறாள். அவளையும் “நீ இதற்கு வராதே” என்றால் என்ன அர்த்தம்? அவள் அப்பா சொன்னது “எலெக்ட்ரானிக்ஸ் வேண்டாம்” என்று என் காதில் விழவில்லை. “என் நிலைமை அவளுக்கு வேண்டாம்” என்று விழுகிறது. இரண்டும் வேறு. ரிப்பேர் கடையில் சால்டரிங் அயர்ன் பிடிக்கிறவருக்கு அந்த போர்டை வரைந்தவர் யார் என்று தெரியும். மகள் அந்த போர்டை வரைகிற இடத்துக்குப் போகலாம் என்று காட்ட முடிந்தால் அவர் ஏன் வேண்டாம் என்பார்? காட்ட முடியுமா என்பதுதான் கேள்வி, அங்கேதான் இந்தப் புதுத் திட்டத்தின் மேல் எனக்குக் கோபம்.

1986 தேசியக் கல்விக் கொள்கையில் என்ன எழுதினார்கள்? 1990-க்குள் மேல்நிலை மாணவர்களில் 10 சதவீதம், 1995-க்குள் 25 சதவீதம் தொழிற்பிரிவுக்கு வரவேண்டும் என்று. நடக்கவில்லை. 2020-இல் எழுதினார்கள், 2025-க்குள் 50 சதவீதம் பேருக்குத் தொழிற்கல்வி அனுபவம் என்று. தொழிற்கல்வி பெற்றவர்கள் ஜெர்மனியில் 75 சதவீதம், தென் கொரியாவில் 96, நம் நாட்டில் 5-க்கும் கீழே என்று அந்த ஆவணத்திலேயே ஒப்பீடு இருக்கிறது. ஜெர்மனியில் அந்தப் பையனை கம்பெனி எடுத்துச் சம்பளம் கொடுத்துப் பழக்குகிறது, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பள்ளிக்கு வருகிறான், அவனுக்குச் சொல்லித்தரும் மாஸ்டருக்கே தனித் தேர்வு உண்டு. நாம் சதவீதத்தை மட்டும் இறக்குமதி செய்கிறோம்.

இங்கே என்ன நடக்கிறது? என்னைப் போன்றவர்கள் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்புவதில்லை. ஆசிரியர் இல்லை என்று குரூப்பை மூடுகிறார்கள். பக்கத்துக் கட்டடத்தில் புது டிரேடு என்று ரிப்பன் வெட்டுகிறார்கள், அதற்கு மேலே அந்த டிரெய்னர் அம்மா மாதிரி மேஜை இல்லாத ஆளை உட்கார வைக்கிறார்கள். நிரந்தர ஆசிரியர் ஒருவர், பிளக் பாயிண்ட் உள்ள அறை, மேலே போக எழுதி வைத்த வழி. மூன்றும் இருந்தால் அதற்கு லெவல் 4 என்று பேர் வைத்தாலும் சரி, வேறு என்ன பேர் வைத்தாலும் சரி, எனக்கு ஆட்சேபணை இல்லை.

---

பதில் 5: தொழில்நுட்ப பாட ஆசிரியை, வவுனியா

நான் இலங்கையிலிருந்து எழுதுகிறேன். வாசித்துக்கொண்டு வந்தபோது எங்கட பாடசாலையைப் பற்றித்தான் கதைக்கிறீர்களோ என்று நினைத்தேன்.

எங்களிடம் 2017 இல் 13 வருடக் கல்வி என்று தொடங்கினார்கள். சாதாரண தரப் பரீட்சையில் (தரம் 11 முடிவில் எழுதுவது) சித்தியடையாத பிள்ளையும் உயர்தரத்தில் தொழிற்பிரிவில் தொடர்ந்து படிக்கலாம். தரம் 12 இல் பொதுவான பாடங்கள், தரம் 13 இல் தொழிற்பயிற்சி, முடிவில் என்.வி.க்யூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழில் நான்காம் மட்டம். அதற்கு முதலே, 2013 இல், உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்துவிட்டது. அது கொஞ்சம் மரியாதையான பிரிவு, ஏனென்றால் அதால் பல்கலைக்கழகம் போகலாம். தொழிற்பிரிவுக்கு “பெயில் விட்டவையின்ர வகுப்பு” என்று பெயர் விழுந்தது. அதிபர்மாரும் அப்படித்தான் பார்த்தார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம் சொல்லவேண்டும். எங்களிடம் என்.வி.க்யூ. என்பது பாடசாலைக்கென்று புதிதாகக் கண்டுபிடித்த சான்றிதழ் இல்லை. வெளியில் தொழிற்பயிற்சி நிலையங்களில் படிக்கிற எல்லாருக்கும் அதே ஏணிதான். நான்கு முடித்தால் ஐந்து, ஆறு டிப்ளோமா, ஏழு பட்டம். அந்தப் பட்டத்துக்கு இரத்மலானையில் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களும் என்.வி.க்யூ. எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதனால் தகப்பன்மாருக்கு அந்த மூன்றெழுத்து தெரியும். கோவை ஐயா சொன்ன “எப்படி வாசிக்கிறது என்று தெரியவில்லை” என்ற பிரச்சினை எங்களுக்குக் கொஞ்சம் குறைவு.

எங்கட பிரச்சினை வேறு. பிள்ளை தரம் 13 முடிக்கமுதல் போய்விடுகிறது. நாட்கூலிக்கு ஆள் தேடுகிற காலத்தில், பதினெட்டு வயதுப் பெடியன் இன்னும் ஒரு வருடம் பொறுத்திருந்து சான்றிதழ் எடு என்றால் கேட்பானா? மேசன் வேலைக்குப் போனால் அன்றைக்கே காசு. போன வருடம் எனக்கு நல்லாய் வெல்டிங் செய்த பிள்ளை ஒன்று அப்படித்தான் போனது, இப்ப கொழும்பில் கட்டட வேலை. அவனை எப்படிக் குறை சொல்லுவது, வீட்டில் நான்கு பேர்.

டீச்சர், உங்கட அந்தப் பெண்பிள்ளையைச் சேர்த்துவிடுங்கோ. முதல் வரிசையில் இருக்கிற ஒரு பிள்ளை வந்தால் அந்த வகுப்புக்கு விழுந்த பெயர் மாறும். இது அந்தப் பிள்ளையின் தலையில் நாங்கள் வைக்கிற சுமையும்தான், அதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கோ.

---

கணக்கு டீச்சர், தர்மபுரி பக்கம்

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஹெச்.எம்.மிடம் பேசினேன். லிஸ்ட் கொடுக்கவில்லை, விருப்பக் கடிதமாக வாங்கிக் கொடுத்தேன். பதினான்கு வந்தது. “மீதி ஆறு பேர்?” என்றார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன், அடுத்த வாரம் என்ன சொல்வாரோ தெரியாது. பதினான்கில் வகுப்பில் நன்றாகப் படிப்பவர்கள் நான்கு பேர், ஆண்டுதோறும் கஷ்டப்பட்டுத் தேறுபவர்கள் ஐந்து பேர், மற்றவர்கள் நடுவில். அதாவது என் வகுப்பு எப்படியோ அப்படியே.

வவுனியா மேடம் கடைசியில் சொன்ன அந்தச் சுமை விஷயம் மனசில் நிற்கிறது. அவளை முன்னால் நிறுத்தி வகுப்புக்கு மரியாதை வாங்கும் எண்ணம் எனக்கும் உள்ளே இருந்தது. அதைப் பேசாமல், அவளுக்கு வேண்டுமா என்று மட்டும் கேட்டேன். வேண்டுமாம்.

அவள் அப்பா இன்னொரு தடவை வந்தார். இப்போது அவர் கேட்பது இரண்டே கேள்வி, யாராவது உறுதியாகச் சொல்லுங்கள். ஒன்று, இதில் சேர்ந்தால் பிளஸ் ஒன்னில் கணிதம்-அறிவியல் குரூப் கிடைக்காமல் போகுமா? இரண்டு, ஒருவேளை பத்தாவதோடு ஐ.டி.ஐ. போக வேண்டி வந்தால் அவள் கல்லூரிக் கதவு அடைபட்டுவிடுமா?

---

தொழிற்கல்வி ஆசிரியர் (மின்), ஈரோடு மாவட்டம்

முதல் கேள்வி: போகாது. பிளஸ் ஒன் குரூப் பார்ப்பது ஐந்து பாட மார்க்கை வைத்து, இது கூடுதல் பாடம். மார்க்கில் சேராதது குறை என்று மேலே திட்டினேன், இந்த ஒரு இடத்தில் அதுவே அவளுக்குப் பாதுகாப்பு. ஆனால் உங்கள் பள்ளியில் டிரேடு பீரியடை கணக்கு, அறிவியல் பீரியடிலிருந்து வெட்டி வைத்திருக்கிறார்களா என்று டைம்டேபிளைப் பாருங்கள். அப்படி வெட்டினால் அப்பா பயப்படுவது நியாயம்.

இரண்டாவது: அடைபடாது. பத்தாவது முடித்து இரண்டு வருஷ ஐ.டி.ஐ. படித்தவர்கள் தமிழ், ஆங்கில மொழிப் பாடத் தேர்வு எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணை என்று நம் மாநிலத்தில் அரசாணை இருக்கிறது. பாலிடெக்னிக் இரண்டாம் வருஷமும் போகலாம். அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. பெண் பிள்ளை, அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ.க்கும் பொருந்தும். ஆனால் முதல் மூன்று பேருக்குள் வரும் பெண்ணை நான் ஐ.டி.ஐ.க்கு அவசரப்படுத்த மாட்டேன். பிளஸ் டூ கணிதம் முடித்து எலெக்ட்ரானிக்ஸ் பொறியியல் போகட்டும், ஏழரை சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியலிலும் இருக்கிறது. அப்பாவிடம் இதைத் தாளில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் வீட்டுக்குப் போகும் வழியிலேயே மறந்துவிடும்.

---

டிரெய்னர், பெயர் வேண்டாம்

டீச்சர், ஒன்று விட்டுப்போயிற்று. எலெக்ட்ரானிக்ஸ் கிட் வந்ததும் ஹெச்.எம். பீரோவில் வைத்துப் பூட்டுவதற்குள் ஸ்டாக் ரெஜிஸ்டரில் உங்கள் டிரெய்னரையும் ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். சாவி ஒன்று அவரிடம் இருக்கட்டும். எங்கள் பள்ளியில் இன்ச் டேப் வேண்டும் என்றால்கூட ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டியிருந்தது.